கலிபோர்னியாவில் சம்பளத்தோடு விடுப்பு: தேதி பிசகினால் பணமும் பிசகும்

சம்பளச் சீட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கூட்டாட்சி வரி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் எல்லாம் தாண்டி ‘சி.ஏ. எஸ்.டி.ஐ.’ (கலிபோர்னியா மாநில இயலாமைக் காப்பீடு) என்று ஒரு பிடித்தம் இருக்கும். 2025இல் சம்பளத்தில் 1.2 விழுக்காடு, 2026இல் 1.3 விழுக்காடு. 2024 ஜனவரியிலிருந்து இதற்கு உச்சவரம்பு கிடையாது. ஆண்டுக்கு 2,00,000 டாலர் வாங்குபவரிடம் 2026இல் 2,600 டாலர் பிடிப்பார்கள். கம்பெனி இதில் ஒரு காசு போடுவதில்லை. முழுக்க உங்கள் பணத்தில் ஓடும் காப்பீடு இது. ஆகவே அதைக் கேட்டு வாங்கக் கூச்சமும் வேண்டாம், ‘விசாவில் இருக்கிறேனே’ என்ற பயமும் வேண்டாம். குடியுரிமையோ விசா வகையோ தகுதியைத் தீர்மானிப்பதில்லை. எச்-1பி, எச்-4 வேலை அனுமதி, கிரீன் கார்டு யாராக இருந்தாலும் பிடித்தம் போயிருந்தால் உரிமை உண்டு.

அந்த இடத்தில் ‘வி.பி.டி.ஐ.’ என்று போட்டிருந்தால் உங்கள் கம்பெனி சொந்தத் திட்டம் நடத்துகிறது. அப்போது மாநிலத்திடம் விண்ணப்பிக்கக் கூடாது, கம்பெனி சொல்லும் காப்பீட்டு நிர்வாகியிடம்தான் போக வேண்டும். இரண்டுமே இல்லையென்றால், உதாரணமாக 1099இல் (ஊழியராக இல்லாமல் ஒப்பந்தக்காரராக) வேலை செய்பவர், தானாக விரும்பிச் சேர்ந்திருந்தால் ஒழிய இதில் இல்லை.

இந்த ஒரே பிடித்தத்திலிருந்து இரண்டு பலன்கள். உங்களுக்கே உடம்பு முடியாமல் போனால் (பிரசவமும் இதில் சேரும்) ‘டிசபிலிட்டி இன்ஷூரன்ஸ்’, அதிகபட்சம் 52 வாரம். பிறந்த அல்லது தத்தெடுத்த குழந்தையோடு இருக்கவோ, கடுமையாக நோயுற்ற குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்ளவோ ‘பெய்ட் ஃபேமிலி லீவ்’, 12 மாதத்தில் 8 வாரம். முதலாவதற்கு டி.ஐ. என்றும் இரண்டாவதற்கு பி.எஃப்.எல். என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் நடத்துவது இ.டி.டி. என்னும் மாநில வேலைவாய்ப்புத் துறை.

பணம் வேறு, வேலை வேறு

பலரும் சறுக்கும் இடம் இதுதான். இ.டி.டி. தருவது பணம் மட்டும். திரும்பி வரும்போது நாற்காலி அங்கேயே இருக்கும் என்ற உறுதியை அது தராது. அந்த உறுதி தருவது சி.எஃப்.ஆர்.ஏ. என்னும் மாநிலச் சட்டம். கம்பெனியில் 5 பேராவது இருக்க வேண்டும், நீங்கள் 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் 12 வாரம் வேலைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பாதுகாப்பு. கர்ப்பம், பிரசவம் காரணமாக வேலை செய்ய முடியாத காலத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது: நான்கு மாதம் வரை, வேலையில் சேர்ந்து எத்தனை நாளானாலும் சரி, 5 பேர் உள்ள கம்பெனி என்றால் போதும்.

எனவே எப்போதும் இரண்டு கடிதம் போக வேண்டும். கம்பெனியின் எச்.ஆரிடம் விடுப்பு கேட்டு ஒன்று (முன்கூட்டியே தெரிந்த விடுப்பு என்றால் 30 நாள் முன்னதாக), இ.டி.டி.யிடம் பணம் கேட்டு இன்னொன்று. எச்.ஆர். ‘அப்ரூவ்டு’ என்று பதில் போட்டதும் பணம் தானாக வந்துவிடும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலையில் சேர்ந்து ஏழு மாதமே ஆன தந்தைக்கு பி.எஃப்.எல். பணம் வரும், ஆனால் சி.எஃப்.ஆர்.ஏ. பாதுகாப்பு இருக்காது. அவர் மேலாளரிடமும் எச்.ஆரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் விடுப்பில் போக வேண்டும்.

எவ்வளவு வரும்?

விடுப்புக்குச் சற்று முந்தைய மாதங்களின் சம்பளம் கணக்கில் வராது. இ.டி.டி. பின்னோக்கி ஒரு 12 மாதத்தை எடுக்கும், அதை நான்கு காலாண்டாகப் பிரிக்கும், அதிகம் சம்பாதித்த காலாண்டை மட்டும் பிடித்துக்கொண்டு கணக்குப் போடும். அந்த 12 மாதம் எது என்பது விடுப்பு தொடங்கும் மாதத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை தொடங்கினால், முந்தைய செப்டம்பர் 30இல் முடிந்த ஓராண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் முந்தைய காலண்டர் ஆண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை என்றால் மார்ச் 31இல் முடிந்த ஓராண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் ஜூன் 30இல் முடிந்த ஓராண்டு.

அந்த 12 மாதத்தில் பிடித்தத்துக்கு உட்பட்ட சம்பளம் 300 டாலராவது இருந்தால் தகுதி வந்துவிடும். தொகை, 2025இலிருந்து, குறைந்த சம்பளக்காரருக்கு 90 விழுக்காடு வரை, மற்றவர்களுக்கு 70 விழுக்காடு. வார உச்சம் 2025இல் 1,681 டாலர், 2026இல் 1,765 டாலர். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உயர்ந்த காலாண்டில் 30,000 டாலர். 13 வாரத்தால் வகுத்தால் சுமார் 2,308. அதில் 70 விழுக்காடு சுமார் 1,615 டாலர், வாரத்துக்கு. காலாண்டில் 33,000 டாலரைத் தாண்டுபவர்கள் 2026இல் உச்சத்தைத் தொட்டுவிடுவார்கள். அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் அதே 1,765தான். போனஸும் வெஸ்ட் ஆன (கைக்கு வந்த) ஆர்.எஸ்.யூ. என்னும் கம்பெனிப் பங்குகளும் கிடைத்த காலாண்டின் சம்பளத்தோடு சேரும். ஆகவே சம்பளம் நடுத்தரமாக இருந்து மார்ச்சில் பெரிய போனஸ் வருபவர், அந்தக் காலாண்டு கணக்குக்குள் விழுகிறதா என்று பார்ப்பது நல்லது.

வேறு மாநிலத்திலிருந்தோ இந்தியாவிலிருந்தோ புதிதாக வந்தவர்களுக்கு இந்தக் காலக்கணக்குதான் கழுத்தைப் பிடிக்கும். டெக்சாஸிலிருந்து 2026 பிப்ரவரியில் சான் ஓசே வந்து வேலையில் சேர்ந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் குழந்தை பிறந்து உடனே பி.எஃப்.எல். கேட்டால், கணக்கில் வருவது 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதில் கலிபோர்னியா சம்பளம் பூஜ்யம். விண்ணப்பம் தள்ளுபடி. அதே ஆள் ஜூலை 1க்குப் பிறகு தொடங்கினால் பிப்ரவரி, மார்ச் சம்பளம் உள்ளே வருகிறது. தகுதி உண்டு, ஆனால் இரண்டு மாதச் சம்பளத்தை 13 வாரத்துக்குப் பரப்புவதால் தொகை மெலிந்துவிடும். அக்டோபர் 1க்குப் பிறகு தொடங்கினால் ஏப்ரல் முதல் ஜூன் வரை முழுக் காலாண்டும் கிடைக்கும். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், அவசரம் இல்லாத தந்தை காத்திருப்பதே லாபம். ஒருமுறை தொகை நிர்ணயமானால் அந்தக் கோரிக்கை முழுவதும் அதுதான், நடுவில் ஏறாது. தாய்க்கு இந்தச் சுதந்திரம் குறைவு, உடம்பு தேதி பார்ப்பதில்லையே.

பிரசவம்: நாள்காட்டியோடு

குழந்தை 2026 அக்டோபர் 1 என்று மருத்துவர் தேதி கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிக்கலற்ற கர்ப்பத்துக்கு வழக்கமாக நான்கு வாரம் முன்பிருந்து டி.ஐ. கிடைக்கும். அதாவது செப்டம்பர் 3. முதல் ஏழு நாள் காத்திருப்புக் காலம், அதற்குப் பணம் இல்லை. அந்த வாரத்துக்கு ஆபீஸ் சிக் லீவைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 10ஆம் தேதியிலிருந்து பணம் ஓடத் தொடங்கும்.

விண்ணப்பத்தை செப்டம்பர் 3ஆம் தேதியே தட்டிவிடக் கூடாது. டி.ஐ.க்கு, முடியாமை தொடங்கி ஒன்பது நாள் கழித்துத்தான் அனுப்ப வேண்டும். 49 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். நம் கணக்கில் செப்டம்பர் 12 முதல் அக்டோபர் 22 வரை. பிரசவ அலைச்சலில் இந்த ஜன்னல் சத்தமில்லாமல் மூடிவிடும். எனவே 12ஆம் தேதியே கணவரோ யாரோ பக்கத்தில் உட்கார்ந்து முடித்துவிடுவது நல்லது.

இணையத்தில் டி.இ. 2501 படிவத்தின் உங்கள் பகுதியை அனுப்பியதும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் ரசீது எண் வரும். வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அந்த எண்ணை மகப்பேறு மருத்துவரின் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும், அவர்கள் அதைப் போட்டு மருத்துவச் சான்றை ஏற்ற வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கும், அங்கே வரிசையும் இருக்கும். மருத்துவரிடம் வாயால் சொன்னால் போதாது. எண், பிறந்த தேதி, விடுப்பு தொடங்கிய தேதி மூன்றையும் எழுத்தில் அனுப்பிவிட்டு, ஒரு வாரத்தில் போன் போட்டு ‘ஏற்றியாயிற்றா’ என்று கேளுங்கள். இரண்டு பாதியும் சேர்ந்த பிறகுதான் இ.டி.டி.யின் சுமார் 14 நாள் ஆய்வுக் காலம் ஓடத் தொடங்கும்.

மருத்துவர் எழுதும் தேதியும் நீங்கள் எழுதும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் 3 என்று போட்டு அவர் 8 என்று போட்டால் 8தான் நிற்கும், காத்திருப்பு வாரமும் அங்கிருந்து எண்ணப்படும்.

சுகப்பிரசவம் என்றால் பிறந்த நாளிலிருந்து 6 வாரம், சிசேரியன் என்றால் 8 வாரம். குழந்தை பத்து நாள் தாமதமானால் அந்தப் பத்து நாளும் டி.ஐ.யில் சேரும், 6 வாரம் பிறந்த நாளிலிருந்துதான் ஓடும். ஆனால் முதல் சான்றில் மருத்துவர் சுகப்பிரசவத்தை உத்தேசித்து ஒரு முடிவுத் தேதி போட்டிருப்பார். சிசேரியன் ஆகிவிட்டால் அந்தத் தேதி தானாக நீளாது. அதை நீட்டச் சொல்லி மருத்துவர் அலுவலகம் டி.இ. 2525எக்ஸ்எக்ஸ் என்ற துணைச் சான்றை அனுப்ப வேண்டும். இதைக் கேட்காமல் விட்டதால் இரண்டு வாரத் தொகையை இழந்தால், அது மூவாயிரம் டாலருக்கு மேல்.

டி.ஐ. முடியும்போது உங்கள் கணக்கின் இன்பாக்ஸில் ‘புதிய தாய்’ பி.எஃப்.எல். கோரிக்கை வந்து நிற்கும். அதைத் திறந்து அனுப்பினால்தான் அடுத்த 8 வாரம் தொடரும். புதிதாகக் காத்திருப்பு வாரம் கிடையாது, தொகையும் அதேதான். ஆக 4 + 6 + 8 = 18 வாரம், அதில் பணம் வருவது 17 வாரம். வாரம் 1,615 டாலர் என்றால் மொத்தம் 27,455 டாலர். சிசேரியன் என்றால் இன்னும் இரண்டு வாரம்.

வேலைப் பாதுகாப்போ கொஞ்சம் நீளம். முதல் பத்து வாரம் கர்ப்ப விடுப்புச் சட்டத்தில் போகும், குழந்தைக்கான சி.எஃப்.ஆர்.ஏ. 12 வாரம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். பி.எஃப்.எல். தீர்ந்த பிறகும் நான்கு வாரம் வேலை பத்திரமாக இருக்கும், பணம்தான் வராது. சேர்த்து வைத்த வெக்கேஷனை அங்கே போடுங்கள். முன்பு கம்பெனிகள் பி.எஃப்.எல்.லுக்கு முன்பே இரண்டு வார வெக்கேஷனைக் கரைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடிந்தது. 2025 ஜனவரி 1 முதல் அப்படிக் கேட்க முடியாது.

தந்தைக்கும் தனியாக 8 வாரம். தாயின் 8 வாரத்தில் இது கழிவதில்லை. பி.எஃப்.எல்.லில் கெடு வேறு: விடுப்பு தொடங்கும் நாளுக்கு முன் அனுப்பக் கூடாது, தொடங்கி 41 நாளுக்குள் அனுப்ப வேண்டும். தாய்க்கு டி.ஐ. கோப்பே சான்றாகிவிடும், தந்தையோ உறவை நிரூபிக்க வேண்டும். கவுண்டியிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரச் சில வாரம் ஆகும், ஆகவே மருத்துவமனையில் விவரப் படிவம் நிரப்பும்போதே தந்தையின் பெயரை ஓட்டுநர் உரிமத்தில் இருப்பதுபோல் எழுதுங்கள். இரண்டு வாரம் இப்போது, ஆறு வாரம் மனைவி வேலைக்குத் திரும்பும்போது என்று பிரித்தும் எடுக்கலாம். இ.டி.டி. நாள் கணக்கில் (வாரத் தொகையில் ஏழில் ஒரு பங்கு) தரத் தயார். கம்பெனிதான், சி.எஃப்.ஆர்.ஏ.படி, குறைந்தது இரண்டு வாரத் துண்டுகளாக எடுக்கச் சொல்லலாம். அதற்கும் குறைந்த துண்டை இரண்டு தடவை மட்டும் தந்தாக வேண்டும்.

ஊரில் அம்மாவுக்கு ஆபரேஷன்

பி.எஃப்.எல். பற்றித் தெரிந்தவர்களுக்கும் பெரும்பாலும் தெரியாத பகுதி இது. நோயாளி கலிபோர்னியாவில் இருக்க வேண்டியதில்லை, அமெரிக்காவிலும் இருக்க வேண்டியதில்லை. மதுரையில் அப்பாவுக்கு பைபாஸ், கோவையில் மாமியாருக்கு கீமோ என்றாலும் கேட்கலாம். பெற்றோர், மாமனார் மாமியார், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரக்குழந்தைகள், உடன்பிறந்தோர் எல்லோரும் பட்டியலில் உண்டு. சித்தப்பா, அத்தை இல்லை, சிறுவயதில் பெற்றோர் இடத்தில் இருந்து நம்மை வளர்த்தவராக இருந்தால் ஒழிய.

இங்கே டி.இ. 2501எஃப் படிவத்தின் மூன்று பகுதிகள் தேவை. ‘ஏ’ உங்களுடையது. ‘சி’ நோயாளியுடையது, தன் மருத்துவ விவரத்தை வெளியிடச் சம்மதித்து அவர் கையெழுத்துப் போட வேண்டும். ‘டி’ மருத்துவருடையது. ஊருக்கு விமானம் ஏறும் முன்பே காகிதப் படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் மருத்துவரை இ.டி.டி.யின் இணையத்தில் ஏற்றச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிடக் காகிதமே கைகொடுக்கும்.

‘டி’ பகுதியில் கண் வைக்க வேண்டிய கட்டங்கள் சில. மருத்துவரின் உரிம எண்: தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணை எழுதி, உரிமம் தந்த மாநிலம் அல்லது நாடு என்ற இடத்தில் இந்தியா என்று போட வேண்டும். நோய்க்கான ஐ.சி.டி. குறியீடு: இங்கே வழக்கம், அங்கே பல மருத்துவர்கள் எழுதுவதில்லை, டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால் அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பராமரிப்பு தொடங்கும் தேதி, உத்தேசமாக முடியும் தேதி: ‘மூன்று மாதம் ஓய்வு’ என்று எழுதினால் போதாது, நாள்-மாதம்-ஆண்டு வேண்டும். அதையும் அமெரிக்க முறைப்படி மாதம் முதலில். 05-08 என்பது நமக்கு ஆகஸ்ட் 5, அவர்களுக்கு மே 8. இந்த ஒரு குழப்பமே கோரிக்கையை மூன்று மாதம் முன்னே தள்ளி, கெடு தாண்டியதாகக் காட்டிவிடும். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் பராமரிப்பு தேவை என்ற கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது.

வயதாகிவிட்டது, துணைக்கு ஆள் இல்லை என்பதெல்லாம் காரணமாகாது. மருத்துவமனையில் சேர்ந்த நோயோ தொடர்சிகிச்சை தேவைப்படும் நோயோ இருக்க வேண்டும். விசா ஸ்டாம்பிங் தாமதமாகி ஊரில் மாட்டிக்கொண்ட நாட்களையும் இதில் ஏற்ற முடியாது.

சொல்லச் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் பி.எஃப்.எல். அத்தோடு நின்றுவிடும். பதினாறாம் நாள் காரியம் வரை இருந்தாக வேண்டும் என்பதை அந்தத் திட்டம் அறியாது. அதற்கு உரியது துக்க விடுப்பு: 5 பேராவது உள்ள கம்பெனிகள் 5 நாள் தந்தாக வேண்டும், ஆனால் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. மீதி நாளுக்கு வெக்கேஷன்தான். இறந்த தேதியை இ.டி.டி.க்கு உடனே தெரிவியுங்கள். பிறகு கண்டுபிடித்தால் கூடுதலாகப் போன பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

படிவத்தில் நம்மவர்கள் தடுக்கும் இடங்கள்

முதலாவது பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இனிஷியல் விரிந்து, ஓட்டுநர் உரிமத்தில் இரண்டும் ஒட்டி, சம்பளச் சீட்டில் தலைகீழாக. மனிதருக்கு எல்லாம் ஒன்றுதான், கணினிக்கு நான்கு ஆட்கள். அடையாளச் சரிபார்ப்பில் கோரிக்கை நின்றுவிட்டால் வாரக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. விடுப்புக்கு இரண்டு மாதம் முன்பே ‘மை-இ.டி.டி.’ கணக்கைத் திறந்து அடையாளச் சரிபார்ப்பை முடித்துப் பாருங்கள். சிக்கினால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

இரண்டாவது ‘கடைசியாக வேலை செய்த நாள்’. வெள்ளிக்கிழமை வரை வேலை, திங்கள் முதல் விடுப்பு என்றால் கடைசி நாள் வெள்ளி. அதற்கு முந்தைய வாரம் முழுக்க பி.டி.ஓ. (கம்பெனி தரும் சம்பள விடுமுறை) எடுத்திருந்தால், கடைசியாக லேப்டாப்பைத் திறந்து வேலை பார்த்த நாள்தான். இ.டி.டி. உங்கள் கம்பெனிக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பும். அவர்கள் எழுதும் நாள் வேறாக இருந்தால் பணம் நிற்கும். எச்.ஆர். என்ன தேதி எழுதப்போகிறார் என்று கேட்டுவிட்டு நீங்கள் எழுதுங்கள்.

மூன்றாவது கம்பெனி பெயர். கன்சல்டன்சி வழியாக ஒரு பெரிய கிளையண்டிடம் வேலை பார்ப்பவர்கள் பழக்கத்தில் கிளையண்ட் பெயரைப் போட்டுவிடுவார்கள். உங்களுக்கு டபிள்யூ-2 என்னும் ஆண்டுச் சம்பளப் படிவம் தருவது யாரோ அவர்தான் முதலாளி. அவர் பெயரும் முகவரியும் சம்பளச் சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

விடுப்பின்போது கம்பெனி மீதிச் சம்பளத்தை நிரப்பித் தந்தால் நல்லதுதான். இரண்டும் சேர்ந்து வழக்கமான சம்பளத்தைத் தாண்டாமல் இருந்தால் பி.எஃப்.எல். குறையாது. முழுச் சம்பளமும் தந்துவிட்டால் குறையும். எவ்வளவு தருகிறார்கள் என்பதைப் படிவத்தில் மறைக்காதீர்கள்.

மறுத்துவிட்டால், கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதற்கு முன் காரணத்தைப் படியுங்கள். பெரும்பாலும் மருத்துவச் சான்று வராதது, தேதி ஒத்துப்போகாதது, 12 மாதக் கணக்கில் சம்பளம் இல்லாதது இவற்றில் ஒன்றாக இருக்கும். முதல் இரண்டும் தாள் அனுப்பினாலே தீரும். மூன்றாவது காரணம் பி.எஃப்.எல். கோரிக்கையில் வந்தால், அடுத்த காலாண்டில் புதிதாக விண்ணப்பிப்பதே வழி.

வரியில் டி.ஐ.யும் பி.எஃப்.எல்.லும் ஒன்றல்ல. டி.ஐ.க்குப் பொதுவாக வரி இல்லை. பி.எஃப்.எல்.லுக்குக் கலிபோர்னியா வரி இல்லை, கூட்டாட்சி வரி உண்டு. அடுத்த ஜனவரியில் 1099-ஜி படிவம் வரும். எட்டு வாரமும் உச்சத் தொகை வாங்கியவருக்கு அதில் 14,120 டாலர் என்று இருக்கும். 22 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவர் சுமார் 3,100 டாலரை இப்போதே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.